வீல் ஸ்டட் உடைவதும் நட்டு கெடுவதும்: சீசனுக்குப் புறப்படும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கு பார்த்தாலும் குடும்பங்களைச் சுமந்து வந்த கார்களும் வேன்களும்தான். பெருநாள் விடுமுறையும் சீசனும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப் புறப்படும் முன் காற்று பார்க்கிறோம், டீசல் பார்க்கிறோம், பிரேக் பார்க்கிறோம். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் நான்கைந்து நட்டுகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நாமும் பார்த்ததில்லை. ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானை அழைத்துவர இரவில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். அவருடைய கார்தான். அவர் சவூதியில் இருந்த பதினோரு மாதமும் அது ஷெட்டிலேயே நின்றது. முதல் நாள்தான் ஒரு டயர் கடையில் முன் டயர் இரண்டையும் மாற்றியிருந்தோம். ஆரியங்காவு தாண்டித் தென்மலை நெருங்கும்போது இடது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். பிள்ளைகள் பின்னால் தூங்கிக் கொண்டிருந்தார்கள். கல் ஏதோ சிக்கியிருக்கும் என்று எண்ணி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினோம். இறங்கிப் பார்த்தபோது நான்கு ஸ்டட்டில் ஒன்று முறிந்து போயிருந்தது. மற்ற மூன்றில் இரண்டு நட்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

உதவிக்கு நின்ற லாரி ஓட்டுநர் முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், டைட்டா இருக்கட்டும்னு கன்னை வச்சு அடிச்சிருக்காங்க. போல்ட்டு அப்பவே செத்துப்போச்சு. இப்பதான் விழுந்திருக்கு."

அன்று அல்லாஹ் காப்பாற்றினான். அந்த ஓட்டுநர் சொன்னதன் பொருளை அதன் பிறகுதான் மெக்கானிக்குகளிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டோம். அதைத் தொகுத்து இங்கே தருகிறோம்.

ஸ்டட் என்ன வேலை செய்கிறது?

சக்கரம் பொருந்தும் பகுதிக்கு ஹப் என்று பெயர். அதிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகளே ஸ்டட். நம் ஊர்ப் பட்டறைகளில் 'வீல் போல்ட்டு' என்றும் சொல்வார்கள். அதன்மேல் திருகப்படுவது வீல் நட்டு. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் இந்த அமைப்புதான். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் ஸ்டட் கிடையாது. ஹப்பில் உள்ள துளைக்குள் போல்ட்டையே நேராக முடுக்குவார்கள். இரண்டுக்கும் கவனம் ஒன்றுதான்.

வண்டியின் பாரம் முழுவதும் அந்தக் கம்பிகள் மேல் தொங்குகிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் நட்டை முடுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு இழுபடுகிறது. இழுத்த ரப்பர் சுருங்கப் பார்ப்பதுபோல அதுவும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டைச் சரியான அளவில் முடுக்கினால் அந்தப் பிடி சுமார் 4 டன். நான்கு நட்டுக்கு 16 டன். இந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் பாரத்தையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது.

பிடி குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் அசையத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் சற்றே வளைந்து நிமிர்கிறது. சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 550 முறை சுழலும். நூறு கிலோமீட்டரில் ஐம்பத்தைந்தாயிரம் முறை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக் கொண்டேயிருந்தால் ஒரு கட்டத்தில் 'பட்' என்று முறிகிறதல்லவா, அதுதான் இங்கும் நடக்கிறது. ஒன்று முறிந்தால் அதன் சுமை பக்கத்து ஸ்டட்டுகளுக்குப் போகும். பிறகு அவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

உடைவதற்கான காரணங்கள்

*1. அளவுக்கு மீறி முடுக்குதல்.* தளர்ந்தால்தான் ஆபத்து, இறுகினால் நல்லது என்பது தவறான எண்ணம். ஸ்டட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது; நீண்டே போய்விடும். மரையும் உருக்குலையும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பல நாள் கழித்து, எங்கோ மலைப்பாதையில் முறியும்.

சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கினால் போதும். டயர் கடையின் ஏர் கன்னோ எளிதாக 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக்கூடியது. நாம் காலால் மிதிப்பதும் குறைந்ததல்ல. 30 செ.மீ. நீளமுள்ள வீல் ஸ்பானரின் நுனியில் 70 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால் சுமார் 205 நியூட்டன் மீட்டர் வரும். தேவையைப்போல் இரு மடங்கு. அதே ஆள் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி மிதித்தால் ஏறத்தாழ 690.

*2. குறைவாக முடுக்குதல்.* அவசரத்தில் ஸ்டெப்னி மாட்டிவிட்டுத் திரும்ப முடுக்க மறப்பதும், ஜாக்கியில் நிற்கும்போதே முடுக்கி அத்துடன் விட்டுவிடுவதும் இதில் அடங்கும்.

*3. இடையில் துருவும் மண்ணும்.* ஹப்பும் சக்கரமும் ஒட்டும் முகத்தில் துரு, சேறு, பெயிண்ட் இருந்தால் நட்டு இறுகியதுபோலத்தான் தோன்றும். ஓடும்போது அந்தத் துரு நசுங்கி உதிரும். இடைவெளி விழும். பிடி போய்விடும். நம் மச்சான் காரில் நட்டு தளர்ந்ததற்குக் காரணம் இதுவே. பதினோரு மாதம் நின்ற வண்டியின் ஹப்பில் பொறுக்குத் துரு. அதைத் தேய்க்காமலே சக்கரத்தை மாட்டியிருந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் நம் ஊர்களில் மாதக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுக்கு இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

*4. மரை தவறி ஏறுதல்.* நட்டைக் கையால் தொடங்காமல் கன்னில் வைத்தே ஏற்றினால் மரை கோணலாகப் பிடிக்கும். கன்னின் வேகத்தில் அது தெரியாது. மரையை அறுத்துக்கொண்டே போய் நிற்கும்.

*5. பொருந்தாத நட்டு.* மாருதி கார்களில் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா கார்களிலும் டொயோட்டாவின் பல கார்களிலும் ஸ்டட் அதே 12 மி.மீ.தான், ஆனால் மரை இடைவெளி 1.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாற்றி ஏற்றினால் ஓரிரு சுற்று போய் இறுகும். இன்னும் பலம் கொடுத்தால் இரண்டு மரையும் பாழ். நட்டு சக்கரத்தில் உட்காரும் முகமும் வண்டிக்கு வண்டி வேறுபடும். பெரும்பாலானவை கூம்பு வடிவம். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை வடிவம். சில அலாய் சக்கரங்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை நட்டு. வடிவம் மாறினால் நட்டு சக்கரத்தை ஒரு விளிம்பில் மட்டுமே தொடும், விரைவில் தளரும்.

*6. எண்ணெய், கிரீஸ் பூசுதல்.* அடுத்த முறை எளிதாகக் கழற்றலாம் என்று மரையில் கிரீஸ் தடவுகிறார்கள். வழுக்கல் கூடுவதால், அதே பலத்தில் முடுக்கினாலும் ஸ்டட் மிக அதிகமாக இழுபடும். கார் கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருப்பதே சரி.

நட்டு ஏன் மழுங்குகிறது?

நட்டுக்கு ஆறு முகம். பன்னிரண்டு முனை சாக்கெட்டோ தேய்ந்த ஸ்பானரோ மூலைகளை மட்டுமே பிடிக்கும். அதனால் மூலை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்த வேண்டும். மாருதி, ஹோண்டா கார்களுக்கு 19 மி.மீ., ஹூண்டாய், டொயோட்டா கார்களுக்கு 21 மி.மீ. என்பது பொதுவான அளவு. உங்கள் நட்டில் ஒரு முறை பொருத்திப் பார்த்துக் கொள்ளுங்கள். சாக்கெட் ஆடக் கூடாது. நட்டின் அடிவரை முழுதாக உட்கார வேண்டும்.

பளபளப்புக்காக மெல்லிய தகடு போர்த்திய நட்டுகளில் இன்னொரு சிக்கல். தகட்டுக்குள் நீர் புகுந்து துருப்பிடித்தால் தகடு உப்பும். பிறகு சரியான சாக்கெட் நுழையாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் தகடு கிழிந்து நட்டு வீணாகும். இப்படி உப்பிய நட்டுகளை வீட்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நடுவழியில் பஞ்சரானால் அவை கழலாது.

சக்கரம் மாட்டும் சரியான முறை

வீட்டில் நீங்கள் மாட்டினாலும் கடையில் மாட்டினாலும் வரிசை இதுதான்.

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

2. வண்டியை ஜாக்கியில் தூக்கும் முன்னரே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பிடித்துக்கொண்ட நட்டானால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கழலும்போது கிறீச்சிட்டால் நிறுத்தி, சற்று உள்ளே திருகி, மீண்டும் வெளியே திருகுங்கள். முன்னும் பின்னுமாகப் போனால் மரை தப்பும். ஒரே மூச்சில் இழுத்தால் ஸ்டட் முறியும்.

3. கழற்றிய நட்டுகளை மண்ணில் போடாமல் ஒரு துணியில் வையுங்கள். ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடித்த ஸ்பிரேயை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் அப்படியே தேயுங்கள்.

4. சக்கரத்தை மாட்டி எல்லா நட்டையும் விரலால் மட்டும் திருகுங்கள். மூன்று நான்கு சுற்றாவது விரலுக்கே போக வேண்டும். போகவில்லையென்றால் மரையில் குறை இருக்கிறது, ஸ்பானரை எடுக்காதீர்கள்.

5. நட்டு முழுதாக எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். அதாவது 1.5 மரைக்கு 8 சுற்று, 1.25 மரைக்கு ஏறத்தாழ 10 சுற்று. வெளியில் வாங்கிய தடித்த அலாய் சக்கரத்திலும், சக்கரத்தை வெளியே தள்ள வைக்கும் ஸ்பேசரிலும் இது குறைந்து போகும்.

6. ஸ்பானரால் இலேசாக இறுக்கி, வண்டியை இறக்கி, பிறகு முழுதாக முடுக்குங்கள். வரிசையாகச் சுற்றிவரக் கூடாது. நான்கு நட்டானால் எதிரெதிராக, ஐந்தானால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றுவிட்டு ஒன்று. இரண்டு மூன்று தவணையில் முடுக்கினால் சக்கரம் சமமாக உட்காரும். சமமில்லாமல் இறுகினால் பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

7. கடைசி முடுக்கு டார்க் ரெஞ்ச்சால் இருக்கட்டும். கையேட்டில் உள்ள எண்ணை அதில் வைத்தால் அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். ஒரு கிளிக் போதும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அண்ணன் தம்பி வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று வாங்கினாலே போதுமானது. அதைக் கழற்றப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைக்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லாத நேரத்தில், வண்டியோடு வந்த ஸ்பானரின் நுனியைப் பிடித்துக் கையால் பலமாக அழுத்துங்கள். 30 செ.மீ. ஸ்பானரில் 100 நியூட்டன் மீட்டருக்குத் தேவை சுமார் 34 கிலோ அழுத்தம். அது கைக்கு எட்டும் பலம்தான். காலும் வேண்டாம், பைப்பும் வேண்டாம். ஊர் வந்ததும் அளவு பார்த்துக் கொள்ளலாம்.

ஐம்பது கிலோமீட்டர் கழித்து ஒரு முறை

சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வண்டியிலும் 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மீண்டும் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரம் ஓடி ஓடித்தான் முழுதாக உட்காரும். தென்காசியில் டயர் மாற்றினால் திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் பார்க்க வேண்டும் என்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தூரம் சரியாக அவ்வளவுதான். மலைப்பயணத்துக்கு முதல் நாள் டயர் மாற்றுவதைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. ஒரு வாரம் முன்பே மாற்றி, உள்ளூரில் ஓட்டி, மறுபடி பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. திருமங்கலத்திலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, புளியரை தாண்டியதும் மலையேறுகிறது. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்குவதால் டிஸ்க்கும் ஹப்பும் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில் நட்டை முடுக்கினால் அளவு சரியாக இராது. ஆறிய பிறகு பாருங்கள். சீசன் மாதங்களில் மழையும் சாரலுமாக வண்டி நனைந்து கொண்டே இருக்கும். துருவுக்கு அது போதும். சீசன் முடிந்ததும் ஒரு முறை நான்கு சக்கரத்தையும் கழற்றித் துடைத்து மாட்டுவது நல்ல வழக்கம்.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள்

- மெதுவாகப் போகும்போது சக்கரப் பக்கம் 'டக் டக்' சத்தம்.
- ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ புதிதாக வந்த நடுக்கம்.
- நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருப்பது. நட்டு அசைவதன் அறிகுறி.
- நட்டுத் துளையைச் சுற்றி இரும்பு தேய்ந்து பளிச்சிடுவது, துளை நீள்வட்டமாவது.
- ஒரு நட்டு மட்டும் மற்றவற்றைவிட வெளியே நீட்டியிருப்பது அல்லது காணாமலே போயிருப்பது.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஓரம் கட்டுங்கள். முதலில் குடும்பத்தை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். நாம் அன்று கூடுதலாக ஓட்டிய இரண்டு கிலோமீட்டரை இன்றும் நினைத்து வருந்துகிறோம்.

உடைந்துவிட்டால்

ஒரு ஸ்டட் உடைந்தால் மீதி இருக்கிறதே என்று பயணத்தைத் தொடராதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள், முடியாவிட்டால் வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தை அழையுங்கள். மாற்றும்போது உடைந்ததோடு அதன் இரு பக்கத்திலும் உள்ளவற்றையும் மாற்ற வேண்டும். அவையும் மிகைச் சுமை தாங்கியவை. இரண்டு உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். நட்டும் புதிதாக இருக்கட்டும். சக்கரத்தின் துளைகள் நீண்டிருந்தால் சக்கரத்தையும் மாற்றுவது தவிர வழியில்லை.

அந்த வண்டிக்குரிய ஸ்டட்டையே கேட்டு வாங்குங்கள். அதன் கழுத்தில் உள்ள பற்கள் ஹப்பின் துளையில் இறுகிப் பிடிப்பவை. அளவு சற்று மாறினாலும் நிற்காது. இரும்புக் கடைப் போல்ட்டை மாட்டுவதும், உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் உயிரோடு விளையாடுவது. வெல்டிங் சூட்டில் ஸ்டட்டின் வலிமை போய்விடும்.

வாடகை வேன் எடுப்பவர்களுக்கு

கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் நாம் பெரும்பாலும் வேன்தான் எடுக்கிறோம். ஏறும் முன் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து நட்டுகளை எண்ணுங்கள். "சமீபத்தில் சக்கரம் கழற்றினீர்களா அண்ணே? அதன்பின் நட்டு பார்த்தீர்களா?" என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஓட்டுநராக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: உங்கள் வண்டியில் ஏறும் குடும்பம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பழைய கனரக வண்டிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு எதிர் மரை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தெரியாமல் வழக்கமான திசையில் 'கழற்ற' மிதித்தால் நட்டு மேலும் இறுகி ஸ்டட் முறியும்.

டயர் கடையில் சொல்ல வேண்டியது

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீசனில் வரிசையாக வண்டி நிற்கும்போது கன் இல்லாமல் அவரால் வேலையை முடிக்க முடியாது. கழற்றுவதற்குக் கன் பயன்படட்டும். மாட்டும்போது மட்டும் இப்படிச் சொல்லுங்கள்: "ஹப்பைத் தேய்ச்சுட்டு மாட்டுங்க. நட்டைக் கையால ஏத்துங்க. கன்னால அடிக்காதீங்க, கடைசியா நானே ரெஞ்ச் வச்சுக்கிறேன்." கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மச்சானின் கார் இப்போதும் அவர் ஊரில் இல்லாத மாதங்களில் ஷெட்டில்தான் நிற்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து ஓட்டுகிறோம். அவர் வருவதாகத் தகவல் வந்தால், விமான நிலையம் புறப்படும் முன் டிக்கியிலிருந்து டார்க் ரெஞ்ச்சை எடுத்துப் பதினாறு நட்டையும் பார்க்கிறோம். பதினாறு கிளிக் கேட்ட பிறகுதான் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.